ஐந்தாம் போத்தலின் தக்கை

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சீதேவி அந்த வீட்டு வாசற்படலையைத் தட்டினாள். மாலை நாலு மணிக்குள் அவளுக்கு ஒரு பதில் வேண்டும். கிடைக்காவிட்டால் அவளைக் கொண்டுபோவார்கள். அவளுடைய அண்ணனைக் கொண்டுபோனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஏழு வருடமாகிறது. இன்னும் திரும்பி வரவில்லை.

படலையைத் திறந்தவர் ஸைனுலாப்தீன். திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பொருள் காணாமல் போய், பொலிசுக்குப் போகவும் பயந்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள். தொண்ணூற்றேழாம் ஆண்டில் அப்படிப் பயந்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

“இரிங்க மகள். முதல்ல தண்ணி குடிங்க.”

அவள் கதிரையின் விளிம்பில் இருந்தாள். முற்றத்தில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் துணியோடு உள்ளே வந்து கதவுநிலையில் சாய்ந்தார். முனாப். முன்பு சுங்கப் படகு ஓட்டியவர். இப்போது ஓட்டோ ஓட்டுகிறார், ஸைனுலாப்தீனின் விசாரணைகளில் அழைக்காமலே சேர்ந்துகொள்கிறார்.

“இவர் இருக்கட்டும். போகச் சொன்னாலும் ஜன்னலுக்கால கேப்பார்” என்றார் ஸைனுலாப்தீன்.

“ஜன்னல் எதுக்கு சேர்? நீங்க கதைக்கிறது றோட்டுக்கே கேக்கும்.”

சீதேவி சொல்லத் தொடங்கினாள். கப்பல்துறையில் ஒரு பயிர் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. டொக்டர் அருளம்பலம் அதன் பொறுப்பாளர். அவள் அவருடைய உதவியாளர். அங்கே ஒரு அலுமாரியில் எட்டுச் சிறிய கண்ணாடிப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் நோய் பிடித்த இலையை வெட்டி, உலர்த்திப் போட்டிருக்கிறது. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலர்ந்த இலையில் வைரசு வருடக் கணக்கில் கிடக்கும். போத்தலில் ‘வைரசு’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் இராணுவக் கப்டன் ஒருவர் அந்தச் சொல்லை வாசித்துவிட்டார்.

“டொக்டரை ரெண்டு நாள் காம்ப்பில வச்சிருந்தவை, ஐயா. இது பயிருக்கு வாற வருத்தம், ஆளுக்கு வராது எண்டு அவர் சொல்லிச் சொல்லித்தான் விட்டவை. நோய் பிடிச்ச செடி எல்லாத்தையும் எரிக்கச் சொன்னவை. இந்த எட்டுப் போத்தலை மட்டும் வச்சிருக்கலாம். ஒண்டும் வாசலைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு வெள்ளியும் நாலு மணிக்குக் கப்டன் வருவார். எண்ணுவார். வெளிச்சத்தில தூக்கிப் பார்ப்பார். றெஜிஸ்டரில கையெழுத்து என்ர.”

“இப்ப எத்தினை குறையிது?”

“ஒண்டும் குறையேல்லை. எட்டும் இருக்கு.”

முனாப் சிரித்துவிட்டார். “அப்ப என்ன கவலை தங்கச்சி? எட்டையும் எண்ணிட்டுப் போகட்டும்.”

“ஐஞ்சாம் போத்தல் நிறம் மாறிப்போய்க் கிடக்கு, நானா.”

ஒவ்வொரு போத்தலின் அடியிலும் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும். காய்ந்திருந்தால் நீலம். ஈரம் பட்டால் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகும். புதன் மாலை எட்டுக்கும் புதிய நீல மணி போட்டு, புதிய தக்கை வைத்து, மெழுகு உருக்கி மூடினாள். வியாழன் பௌர்ணமி, போயா விடுமுறை. இன்று ஏழு மணிக்கு அலுமாரியைத் திறந்தாள். ஏழு போத்தல் நீலம். ஐந்தாவது இளஞ்சிவப்பு.

“ஆரோ திறந்திருக்கினம். உள்ளுக்கு இருந்ததை எடுத்திருந்தா, அது எங்கயாவது பிடிபட்டா, என்ர கையெழுத்துத்தானே ஐயா நிக்கும்.”

ஸைனுலாப்தீன் கண்ணாடியைத் துடைத்தார். “அலுமாரித் திறப்பு ஆரிட்ட?”

“டொக்டரிட்ட. என்னட்ட. ஸ்டோர்கீப்பர் கலீலுர் றஹ்மானிட்ட. தோட்டவேலை செய்யிற சின்னப்போடியண்ணனிட்டத் திறப்பு இல்லை. ஆனா டொக்டரின்ர திறப்பு மேசையிலதான் கிடக்கும்.”

“முனாப், வாகனத்தை எடுங்க.”

“அது எப்பவோ ஸ்டார்ட்டில நிக்கிது, சேர்.”

கண்டி வீதியில் சோதனைச் சாவடி வந்ததும் மூவரும் இறங்கினார்கள். சிப்பாய் சீதேவியின் பையைக் கையால் அமுக்கிப் பார்த்தான். ஓட்டோவின் இருக்கையைத் தூக்கினான். அடையாள அட்டையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மீண்டும் அட்டையைப் பார்த்தான்.

“இவனுகள் பரவால்ல” என்றார் முனாப், வண்டி நகர்ந்ததும். “தடவிப் பார்த்துட்டு விட்டுருவானுகள். கிண்ணியாப் பாதைலதான் கரைச்சல். சைக்கிள் கம்பியத் தீட்டி வச்சிரிக்கானுகள். அரிசி, சீனி, சவுக்காரம், எல்லாத்துலயும் குத்து. எங்கட உம்மா மகளுக்குக் கொழுக்கட்டை குடுத்தனுப்பினா. ஒவ்வொண்டுலயும் ஒரு ஓட்டை.”

கிண்ணியாவில் பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரிணையைக் கடக்கும் தட்டைப் படகு. சீதேவி சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை.

டொக்டர் அருளம்பலம் ஆய்வுக்கூட வாசலில் நின்றார். நெடிய மனிதர். காம்ப்பிலிருந்து வந்த நாள் முதல் சேட்டின் கழுத்துப் பொத்தானையும் பூட்டுவார். சீதேவி சொன்னதைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் வெளியில சொன்னனீர்?”

“சொல்லாட்டி நாலு மணிக்கு என்ன செய்யிறது, டொக்டர்?”

அவர் வாசலை விட்டு விலகி வழிவிட்டார்.

ஸைனுலாப்தீன் எட்டுப் போத்தலையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஐந்தாவதைத் தொடாமல் நெடுநேரம் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“இங்க வாங்க மகள். நான் பார்க்கிறதை நீங்களும் பாருங்க. பிறகு நான் இட்டுக்கட்டினதா ஒருத்தரும் சொல்லப்படாது.”

அவள் பார்த்தாள். கண்ணாடியின் வெளிப்புறத்தில், லேபிளுக்கு மேலும் கீழும், காய்ந்த சோற்றுப் பருக்கை நசுங்கிய தடம். அதில் இரண்டு எறும்பு. பண்ணையில் லேபிள் ஒட்டுவது கோந்தில். மேலே இருந்த மெழுகை அவர் கத்தியால் நீக்கினார். புதிய தக்கையின் நடுவே ஊசியிலும் சற்றுப் பருத்த ஒரு துளை, அடிவரை. துளையைச் சுற்றித் துருவின் நிறத்தில் ஒரு வளையம்.

“புதன்கிழமை இது இருந்ததா?”

“இல்லை ஐயா. புதுத் தக்கை.”

அவர் இலைத்துண்டு ஒன்றைக் குறட்டால் எடுத்து வெள்ளைத்தாளில் வைத்தார். நகத்தளவுகூட இல்லை. பழுப்பு நிறம். கண்ணாடியின் கீழ் அதன் நரம்புகள் கோடு போட்ட கொப்பிபோல நேராக ஓடின.

“மூணாம் போத்தல்ல என்ன இலை?”

“சோளம்.”

“அதுல இலை குறைஞ்சிருக்கா?”

அவள் தூக்கிப் பார்த்தாள். அரைவாசிதான் இருந்தது.

“டொக்டர், இந்த ரெண்டு போத்தலும் எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்க.”

டொக்டர் கதிரையில் இருந்தார். வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய குரல் உறுதியாக இருந்தது.

“வைரசு எண்டா உள்ளுக்கு ஒரு இழை. என்ன செய்யவேணும் எண்டு எழுதியிருக்கிறது அதிலதான். அதைச் சுத்தி ஒரு புரத உறை, சட்டை மாதிரி. மூண்டில இருக்கிறது புல் வைரசு. சோளத்தைப் பிடிக்கும், கௌபிப் பயறைப் பிடிக்காது. ஐஞ்சில இருந்தது கௌபி வைரசு. ஆனா அதின்ர இழையில உறைக்குரிய துண்டை வெட்டிப்போட்டு, புல் வைரசின்ர துண்டை வச்சனாங்கள். வெளிநாட்டில மூண்டு வருசம் நான் செய்த வேலை அது.”

“அப்ப அது புல்லா, கௌபியா?”

“சட்டை புல்லின்ர. போறது கௌபிக்கு. எந்தப் பயிருக்குள்ள போறது எண்டதைச் சட்டை தீர்மானிக்கேல்லை. அதைத்தான் நாங்கள் அறிய விரும்பினது.” ஐந்தாம் போத்தலைத் தன் பக்கம் இழுத்தார். “இன்னுமொண்டு. சட்டை மாறினதுக்குப் பிறகு அது சாதுவாய்ப் போச்சுது. இலை கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். அது ஏறின கௌபியைக் கொடிய வைரசு பிடிக்கேல்லை. பதினொரு சாடியில பார்த்தனான். பதினொரு சாடி காணாது.”

“ரெண்டையும் எப்படிப் பிரிச்சறியிறது?”

“சீரப் பரிசோதனையால ஏலாது. சீரம் சட்டையை மட்டும்தான் பாக்கும். மூண்டுக்கும் ஐஞ்சுக்கும் ஒரே வெள்ளைக் கோடுதான் விழும்.”

“சாவடியில சென்றி நிக்கிறவன் மாதிரி, சட்டையை மட்டும்தான் பார்ப்பான்” என்றார் முனாப்.

ஸைனுலாப்தீன் அவரைத் திரும்பிப் பார்த்தார். “அது சரியான கதை, முனாப்.”

சீரப் பரிசோதனை முடிவுகள் றெஜிஸ்டரில் இருந்தன. கலீலுர் றஹ்மானின் அழகான கையெழுத்து. மூன்றாம் போத்தலுக்கும் ஐந்தாம் போத்தலுக்கும் நேரே ஒரே வரி. வாசல் புத்தகத்தையும் ஸைனுலாப்தீன் பார்த்தார். புதன் மாலை சீதேவி நாலரைக்கும் கலீலுர் றஹ்மான் ஐந்துக்கும் வெளியே. வியாழன் காலை சின்னப்போடி ஆறுக்கு உள்ளே, எட்டுக்கு வெளியே. வெள்ளி காலை கலீலுர் றஹ்மான் ஆறரைக்கு உள்ளே. விடுதியில் தங்கும் டொக்டர் வாசலைத் தாண்டவே இல்லை.

“பூட்டிக்கிடந்த நாளில வந்தவன் சின்னப்போடி” என்றார் டொக்டர் மெல்ல.

சின்னப்போடி ஈரக் காலோடு வந்து வாசற்படியில் நின்றார்.

“வந்தனான்தான். போயா எண்டு செடி தண்ணி குடியாதோ? அலுமாரிப் பக்கம் போகேல்லை. எனக்கு அந்தச் சாமானைக் கண்டாலே பயம். என்ர தலையில கட்டாதேங்கோ டொக்டர், எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்.”

கலீலுர் றஹ்மான் ஸ்டோரிலிருந்து வந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனை. வியாழன் முழுக்க வீட்டில் இருந்ததாகச் சொன்னார். வீடு கிண்ணியாவில். “எட்டும் சரியாத்தானே இரிக்கு, சேர்? புத்தகத்துல எட்டு, அலுமாரில எட்டு” என்றார். பெருவிரலைச் சுட்டுவிரலில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சீதேவி டொக்டரைப் பார்த்தாள். அவர்தான் எடுத்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. காம்ப்பில் என்ன நடந்ததென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. திரும்பவும் போகாமல் இருக்க, தன் மூன்று வருட வேலையைத் தானே எரித்திருப்பார். எரித்துவிட்டு, அவள் கையெழுத்தின் கீழ் சோள இலையைப் போட்டிருப்பார். அப்படி நினைத்ததற்கு அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

“ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாச்சு” என்றார் ஸைனுலாப்தீன். “ரெண்டரைக்கு எல்லாரும் இந்த அறையில இருங்க.”

அவரும் முனாப்பும் கலீலுர் றஹ்மானும் ஒரே ஓட்டோவில் பள்ளிவாசலுக்குப் போனார்கள். சீதேவி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடினாள். வெளியே ஏதாவது வாகனம் போகும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றாள்.

இரண்டரைக்குக் கதவு மூடப்பட்டது. டொக்டர், சின்னப்போடி, கலீலுர் றஹ்மான், சீதேவி நால்வரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். முனாப் கதவில் சாய்ந்து நின்றார். ஸைனுலாப்தீன் ஐந்தாம் போத்தலின் தக்கையை வெள்ளைத்தாளில் வைத்தார்.

“முப்பத்துநாலு வருசம் நானும் மூட்டை குத்தினவன். எங்கட குத்தூசி உள்ளுக்குக் குழாய். குத்தினா அரிசி அதுக்குள்ளால வரும், ஓட்டை பெரிசா விழும். இது வேற. தீட்டின சைக்கிள் கம்பி. கடற்காத்துல துருப்பிடிச்சது. இந்தப் பக்கத்துச் சாவடியில கையாலதான் பார்க்கிறாங்க. கம்பி இருக்கிறது கிண்ணியாப் பாதையில. இந்தப் போத்தல் பாதை ஏறி இறங்கி வந்திருக்கு. ஓட்டைக்குள்ளால ஈரம் போயிருக்கு. மணி சிவந்தது அதாலதான்.”

கலீலுர் றஹ்மான் தலையைத் தூக்கவில்லை.

“மூணு மொழியில வைரசு எண்டு எழுதின போத்தலைச் சென்றி எப்படி விட்டான்? அந்த எழுத்து அவன்ட கண்ணுல படல்ல. அதுக்கு மேல வேறொரு லேபிள். நாட்டு வைத்தியம் செய்யிற பரிசாரிட மருந்து லேபிளா இருக்கும், காஞ்ச இலைக்கு அதுதான் பொருத்தம். சோத்துப் பருக்கையால ஒட்டியிருக்கு. வீட்டுக் குசினியில நடந்த வேலை. டொக்டர்ட வைரசு மாதிரித்தான், உள்ளுக்கு ஒண்டு, மேல வேறொண்டின்ட சட்டை.”

“சின்னப்போடியும் பாதையால போகலாம்தானே?” என்றார் டொக்டர்.

“போகலாம். ஆனா உள்ளுக்குப் போட்ட இலையைப் பாருங்க. கௌபி இருந்த இடத்துல சோளம். சின்னப்போடி, இது என்ன?”

சின்னப்போடி ஒரு துண்டை விரலுக்கிடையில் வைத்தார். பார்க்கவும் இல்லை. “சோளம். கௌபி எண்டா மாவாப் போகும்.”

“கேட்டீங்களா? இவர் களவெடுத்திருந்தா வேற எந்த இலையையும் போட்டிருப்பார், சோளத்தைப் போட்டிருக்கமாட்டார். அதோட மூணும் ஐஞ்சும் சீரத்துக்கு ஒண்டு எண்டு இவருக்குத் தெரியாது. டொக்டருக்குத் தெரியும். ஆனா டொக்டர் வாசலைத் தாண்டல்ல. கப்டன் இலையை வெளிச்சத்தில பார்க்கிறவர் எண்டும் அவருக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும், அவதான் என்னைக் கூட்டிவந்தவ. ஐஞ்சுக்குப் பதிலா மூணைப் போடலாம் எண்டு நினைக்கிறவர் பயிரைப் பார்க்காதவர். புத்தகத்தைப் பார்க்கிறவர். புத்தகத்துல ரெண்டுக்கும் ஒரே வரி.”

“தொழ முந்தி வுளூ செய்யக்குள்ள விரலை உதறினார், சேர்” என்றார் முனாப். அவரால் அடக்க முடியவில்லை. “சுட்டுவிரல் நுனி தோலுரிஞ்சு கிடக்கு. தண்ணி பட எரிஞ்சிரிக்கு.”

சீதேவிக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. வைரசைச் செடியில் ஏற்ற, இலையில் சாணைக்கல் பொடியைத் தூவி, சாற்றை விரலால் தேய்ப்பார்கள். கையுறை போடாவிட்டால் தோல் போய்விடும். பழகாதவர்கள்தான் அழுத்தித் தேய்ப்பார்கள்.

கலீலுர் றஹ்மான் இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தார்.

“எத்தினை செடி?” என்று கேட்டார் ஸைனுலாப்தீன்.

“பன்ரெண்டு.” அவர் தன் விரலைப் பார்த்தார். “எங்கட வளவில அரை ஏக்கர் கௌபி. போன போகம் முழுக்க மஞ்சளாகிச் செத்துப் போச்சு. மூதூரால வந்த என்ட பொஞ்சாதிட ஆக்கள் ஒம்பது பேர் அந்த வளவில இரிக்காங்க. அதைத் தவிர வேறொண்டுமில்ல. பதினொரு சாடி தப்பினதை நான்தானே டொக்டர் எழுதினன். உங்கள்ட்டக் கேட்டன். வாசலுக்கு வெளிய ஒண்டும் போகாது எண்டீங்க. பன்ரெண்டு செடில பார்ப்பம் எண்டு நினைச்சன். பாதையில அவன் தக்கையில குத்தினான். மெழுகை நக்கியும் பார்த்தான். போத்தல் காலியாகத்தான் திரும்பி வந்திச்சு. இண்டைக்குக் காலையில மூணுல இருந்து பாதி இலையை அதுக்குள்ள போட்டு மெழுகினன். மணி சிவந்திருக்கக் கண்டன். நீல மணி உங்கட மேசை லாச்சியில பூட்டிக் கிடந்திச்சு, சீதேவி. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

டொக்டர் எழுந்தார். அவர் கத்துவார் என்று சீதேவி நினைத்தாள். அவர் கிசுகிசுத்தார்.

“உமக்கு விளங்குதா, றஹ்மான்? சாடியில அது சாது. தோட்டத்தில வேற வைரசோட சேர்ந்தா என்ன ஆகும் எண்டு எனக்கே தெரியாது. வண்டு ஒண்டு கடிச்சிட்டுப் பக்கத்து வளவுக்குப் பறந்தா நான் எங்க போய்ப் பிடிக்கிறது?”

“எனக்கு விளங்கல்ல, டொக்டர். பசி விளங்கினது.”

சுவர் மணிக்கூட்டில் மூன்றேகால்.

“இதெல்லாம் அங்கால” என்றாள் சீதேவி. தன் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “நாலு மணிக்கு நான் என்னத்தில கையெழுத்து வைக்கிறது? இவரைச் சொன்னா இவர் திரும்பி வரமாட்டார். சொல்லாட்டி நான் வரமாட்டன்.”

ஸைனுலாப்தீன் தக்கையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“உண்மையை எழுதுங்க மகள். இந்த ஓட்டையில இருந்து தொடங்கி எழுதுங்க.”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மூன்று தடவை பேனை வழுக்கியது. பிறகு முற்றத்தில் ஐந்தாம் போத்தலின் இலையை எரித்தார்கள். சின்னப்போடி சாம்பலில் தண்ணீர் ஊற்றினார்.

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஜீப் வந்தது.

கப்டன் இளைஞர். இருபத்தாறு வயதிருக்கும். ஓரளவு தமிழ் பேசுவார். போத்தல்களை எண்ணினார். ஏழு. இன்னொரு முறை எண்ணினார். சீதேவி றெஜிஸ்டரைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். அவர் விரல் வைத்து வாசித்தார்.

“ஐந்தாம் போத்தல். பாதுகாப்புச் சோதனையின்போது தக்கையில் கம்பி ஏறியுள்ளது. ஈரம் புகுந்துள்ளது. போத்தலில் இருந்த இலை ஆய்வுக்கு உதவாது. சாட்சிகள் முன்னால் எரிக்கப்பட்டது.”

“எந்தச் சோதனை?”

“கப்டன் தக்கையைப் பார்க்கலாம்” என்றார் ஸைனுலாப்தீன். “நான் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. இவங்க கேட்டு வந்து பார்த்தன்.”

கப்டன் தக்கையை எடுத்தார். துளையில் கண் வைத்தார். துருவை நகத்தால் சுரண்டினார். அது எந்தக் கம்பி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இது பாதை.”

“ஓம் சேர்.”

“வைரசு போத்தல் பாதைக்குப் போனது. யார் கொண்டுபோனது?”

சீதேவி மேசையின் விளிம்பைப் பிடித்தாள். கலீலுர் றஹ்மானின் கதிரை அசைந்தது. அவர் எழும்பப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. முனாப் பின்னாலிருந்து அவர் தோளில் கையை வைத்தார்.

“அதை எழுதலாம்” என்றார் ஸைனுலாப்தீன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “எழுதினா மற்றதையும் எழுதவேணும். போற வழியில எத்தினை சென்றி, வாற வழியில எத்தினை சென்றி, கையில எடுத்துக் குத்திப் பார்த்த பிறகும் ஏன் விட்டாங்க, அந்தச் சென்றிக்கெல்லாம் ஆர் பொறுப்பு. கொழும்பில இருந்து வாறவங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க. பாதைக்கு ஆர் பொறுப்பு, சேர்?”

கப்டன் றெஜிஸ்டரைத் திரும்ப வாசித்தார். அவருடைய மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. வெளியே ஜீப்பின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் இருப்பதைச் சீதேவி கண்டாள். காலையில் கண்ணாடியில் அவள் பார்த்த முகம்தான் அது.

அவர் பேனையை எடுத்தார். வரியின் கீழ் கையெழுத்து வைத்தார். தக்கையைத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அடுத்த வெள்ளி ஏழு” என்றார். “ஆறு என்றால் நான் கேட்க மாட்டேன். நேரே கொண்டுபோவேன்.”

ஜீப் போனது. முனாப்தான் முதலில் வாய் திறந்தார்.

“சேர், அவர் கையெழுத்து வைக்காட்டி?”

“நீங்க எங்களைப் படகில ஏத்தி ஓடியிருப்பீங்க.”

“சுங்கப் படகை எப்பவோ வித்துட்டாங்களே.”

“அதான் எனக்கும் யோசனையா இருந்தது” என்றார் ஸைனுலாப்தீன்.

டொக்டர் ஜன்னலோரம் நின்றார். “பன்ரெண்டு செடி. இண்டைக்கு உலகத்தில என்ர வேலை உயிரோட இருக்கிறது அந்தப் பன்ரெண்டில மட்டும்தான். பிடுங்கி எரிக்கவேணும். அதுதான் சரி.” ஜன்னலைச் சாத்தினார். “இல்லாட்டி வண்டு போகாமல் மூடவேணும். பத்து நாள். இலை வெளுக்குதோ எண்டு பார்த்துப்போட்டு எரிக்கலாம்.”

“எதால மூடுறது?” என்றார் கலீலுர் றஹ்மான்.

மறுநாள் காலை சீதேவி கிண்ணியாப் பாதையடியில் வரிசையில் நின்றாள். பையில் அவளுடைய வீட்டு நுளம்புவலை. அம்மாவிடம் கழுவ எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தாள். சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். வெள்ளை வலையைக் கண்டான். கம்பியை ஓங்கினான்.

குத்தினான். எடுத்தான். கம்பியின் நுனியைப் பார்த்தான். போகச் சொன்னான்.

பாதை கரையை விட்டு விலகியது. அவள் பலகையில் இருந்து வலையை மடியில் விரித்தாள். மடிப்பு மடிப்பாகத் தேடினாள். ஆறு மடிப்பு, ஆறு துளை. ஒவ்வொன்றிலும் ஒரு வண்டு தாராளமாக நுழையும்.

கைப்பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். அக்கரை வருமுன் ஆறையும் தைத்து முடிக்க வேண்டும்.